குழாய் துளைத்த கூரை: வன்னி வீடுகளின் ஒழுக்கும் அதை நிறுத்தும் செலவும்

ஓட்டுக் கூரையோ சீற் கூரையோ, அதைத் துளைத்துக்கொண்டு ஒரு குழாய் வெளியே வந்தால், அந்த வீட்டின் முதல் ஒழுக்கு பெரும்பாலும் அந்தத் துளையடியில்தான் தொடங்கும். மலசலகூடக் குழியின் காற்றுக் குழாய், குசினிப் புகைபோக்கி, தண்ணீர்த் தாங்கிக்கு ஏறும் பைப், அன்ரனாக் கம்பி என்று எதுவாக இருந்தாலும் மழைநீருக்கு அது நடுவழியில் நட்ட முளை. வழுக்கி வரும் தண்ணீர் முளையின் மேற்பக்கத்தில் முட்டி, தேங்கி, இரு பக்கமும் பிரிந்து போகிறது. அந்த ஒரு கணத் தேக்கமே போதும். குழாய்க்கும் கூரைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் தண்ணீர் அதைக் கண்டுபிடித்துவிடும்.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இன்று நிற்கும் கல்வீடுகளில் பெரும்பாலானவை போர் முடிந்த 2009க்குப் பிறகு கட்டப்பட்டவை, அல்லது அதற்குப் பிறகு கூரை மாற்றப்பட்டவை. இடம்பெயர்ந்தவர்கள் இருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் ஊர் திரும்பிய குடும்பங்கள் முதலில் தறப்பாள் கொட்டிலிலும் பிறகு தகரக் கொட்டிலிலும் இருந்து, அதற்குப் பிறகே கல்வீட்டுக்குப் போயின. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா, தவணை தவணையாகக் கிடைத்தது. வீட்டுக்காரரே மேசனைப் பிடித்து, சாமான் வாங்கி, கட்டி முடிக்க வேண்டும். அத்திவாரத்துக்கும் சுவருக்கும் கூரைக்கும் போன பிறகு, கடைசித் தவணையில் மிஞ்சிய காசிலேதான் பல வீடுகளில் மலசலகூடக் குழாயும் புகைபோக்கியும் ஏறின. குழாயைச் சுற்றி ஒரு தாச்சி சீமெந்துக் கலவை அப்பியதோடு வேலை முடிந்தது. அப்படி முடிந்த வேலைகளுக்கு இப்போது பத்து, பன்னிரண்டு வயது தாண்டிவிட்டது.

அந்தச் சீமெந்து ஏன் நிற்காது என்பதில்தான் இந்த விசயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பிவிசி குழாய் சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் சீமெந்தைப் போல ஆறு, ஏழு மடங்கு. ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் ஒரு மீற்றர் பிவிசி ஏறக்குறைய 0.07 மில்லிமீற்றர் நீளும், சீமெந்து 0.01 மில்லிமீற்றர்தான் நீளும். மத்தியான வெயிலில் கை வைக்க முடியாமல் சுடும் குழாயில் திடீரென மழை விழுந்து 30 பாகை குறைந்தால், 3 மீற்றர் குழாய் 6 மில்லிமீற்றர் சுருங்கும். அதன் சுற்றளவும் சேர்ந்து ஒடுங்கும். 63 மில்லிமீற்றர் குழாயின் விட்டத்தில் குறைவது ஒரு கடதாசியின் தடிப்பளவுதான். ஆனால் தண்ணீர் ஊர்ந்து இறங்க அதற்கு மேல் இடம் தேவையில்லை. சீமெந்து வளையம் அசையாமல் நிற்க, குழாய் மட்டும் ஒவ்வொரு நாளும் நீண்டு சுருங்குகிறது. முதல் மாரி தாங்கும். இரண்டாம் மாரியில் வளையத்துக்கும் குழாய்க்கும் இடையே கோடு விழும். அதன் மேல் இன்னொரு தாச்சி அப்பினால் அதிலும் அதே கோடு விழும். வருடாவருடம் சீமெந்து ஏறி ஏறி, குழாயடியில் ஒரு புற்றே வளர்ந்து நிற்கும் கூரைகள் உண்டு. அந்தப் புற்றின் பாரத்தில் அடியிலுள்ள ஓடும் வெடிக்கிறது.

வெயிலோடு காற்றும் சேர்கிறது. வைகாசி தொடங்கி புரட்டாசி வரை வன்னியில் சோளகம் வீசும். வெட்டையான காணிகளில், வயலோரங்களில், அது நாட்கணக்கில் ஓயாது. கூரைக்கு மேல் மூன்று, நான்கு அடி தனியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயை அது ஆட்டிக்கொண்டே இருக்கும். அப்போது மழை இல்லாததால் பொருத்து தளர்ந்தது யாருக்கும் தெரிவதில்லை. ஐப்பசியில் மழை பிடித்து வாடைக்காற்று எழும்போதுதான் தெரியவரும். சோளகத்தில் கெட்டதை வாடை காட்டிக்கொடுக்கிறது. வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும் மழை, நேரே விழும் மழைபோலக் கீழ்நோக்கி மட்டும் ஓடுவதில்லை. ஓட்டின் விளிம்புக்கு அடியால் மேல்நோக்கியும் தள்ளப்படும். சித்திரை இடிமழையில் காய்ந்து கிடந்த இடம் கார்த்திகை மழையில் சொட்டினால், கூரையின் வாடைப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட அந்த வெள்ள நாட்களிலும், 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரையேறியபோதும், வருடக்கணக்கில் தெரியாமல் இருந்த ஒழுக்குகள் பல ஒரே இரவில் வெளிப்பட்டன.

இதற்கான மருந்தை இந்த மண் முன்னமே அறிந்திருந்தது. கிடுகு வேய்பவர் இறவாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கிப் போவார். மேல் வரிசை எப்போதும் கீழ் வரிசையின் மேல் படுத்திருக்கும். கிடுகில் ஒட்டும் பசை ஒன்றும் கிடையாது, ஆயிரம் துளைகள் உண்டு, இருந்தும் வீட்டுக்குள் தண்ணீர் வராது. மேலே வரும் தண்ணீரை அடுத்ததன் முதுகில் இறக்கிவிடும் ஒழுங்குதான் அதைக் காக்கிறது. குழாயடி ஒழுக்கையும் அதே ஒழுங்கால்தான் நிறுத்த வேண்டும். சிலிக்கனும் தாரும் சீமெந்தும் அந்த ஒழுங்குக்குத் துணையாக நிற்கலாம். அதன் இடத்தைப் பிடிக்க முடியாது.

திருத்த ஏறுவதற்கு முன் ஒழுக்கின் வாயைக் கண்டுபிடிக்க வேண்டும். இதில் அவசரப்படுகிறவர்களே அதிகம் செலவழிக்கிறார்கள். சீலிங்கில் கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே துளை இருப்பது அரிது. உள்ளே நுழைந்த தண்ணீர் சிலாகையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடும், பிறகு கைமரத்தில் இறங்கும், ஆணித் தலை தடுக்கும் இடத்தில்தான் சொட்டும். மழை இல்லாத ஒரு காலையில் ஒருவர் உள்ளே ரோச் லைற்றோடு நிற்க, இன்னொருவர் ஏணியில் நின்று தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதே நம்பகமான வழி. குழாய்க்குக் கீழே உள்ள ஓடுகளில் தொடங்கி, பிறகு குழாயின் இரு பக்கமும், பிறகு மேற்பக்கமும், கடைசியில் இன்னும் மேலேயுள்ள வரிசைகளும் என்று ஏறிப் போக வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் பத்து நிமிடமாவது ஊற்ற வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து எதுவும் புரியாமல் போகும். இந்தச் சோதனையில் பாதிப் பழி குழாயிலிருந்து நீங்கிவிடுவதும் உண்டு. குரங்கு ஓடித் திரியும் ஊர்களில், குழாய்க்கு இரண்டு வரிசை மேலே நழுவிய ஓடொன்றே உண்மையான காரணமாக இருக்கும். மலக்குழிக் காற்றுக் குழாயின் மேல் வாய்க்குள் விழும் மழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அது குழிக்குள் போய்விடும்.

ஓட்டுக் கூரையில் செய்ய வேண்டிய வேலை இதுதான். அப்பிய சீமெந்தை மெதுவாகத் தட்டி எடுத்து, குழாயைச் சுற்றியுள்ள ஓடுகளைக் கழற்ற வேண்டும். நாகம் பூசிய தட்டைத் தகரத்தில், அல்லது அலுமினியத் தகட்டில், ஒரு பாவாடை வெட்டி மடிக்க வேண்டும். கடையில் பிளாஷிங் என்று கேட்டால் புரியும். பீலி அடித்துக் கொடுக்கும் தகர வேலைக்காரர் அளவு சொன்னால் செய்து தருவார். அதன் நடுவில் ஆறு அங்குலம் உயரமாக ஒரு கழுத்து நிற்க வேண்டும். கழுத்தின் வாய் குழாயை விட ஓர் அங்குலமாவது அகலமாக இருப்பது நல்லது. தகட்டின் மேல் விளிம்பு மேல் வரிசை ஓட்டுக்கு அடியில் போய், சிலாகை வரை ஏறி, அங்கே சற்று உள்மடிந்திருக்க வேண்டும். பக்க விளிம்புகள் இரண்டும் மேல்நோக்கி மடிக்கப்பட்டுப் பக்கத்து ஓடுகளுக்கு அடியில் வாய்க்காலாக நிற்க வேண்டும். கீழ் விளிம்பு மட்டும் கீழ் வரிசை ஓட்டின் மேலே படுக்க வேண்டும். கீழ் விளிம்பைச் சீமெந்து போட்டு மூடுவது பலர் செய்யும் தவறு. தப்பித் தவறி உள்ளே போன தண்ணீருக்கு அதுதான் வெளியே வரும் வழி.

இனி கழுத்துக்கும் குழாய்க்கும் இடையே உள்ள அந்த வெளி. அதை எதனாலும் அடைக்க வேண்டாம். அதற்கு மேலே குழாயில் ஒரு குடை மாட்டினால் போதும். குடை என்பது கூம்பாக வளைத்த ஒரு தகடு. அது குழாயை இறுக்கிப் பிடித்து, கழுத்தின் வாயை இரண்டு அங்குலம் மூடித் தொங்கும். குழாய் நீளட்டும், சுருங்கட்டும், சோளகத்தில் ஆடட்டும். கழுத்து கூரையோடு நிற்கும், குடை குழாயோடு அசையும், இரண்டும் ஒன்றையொன்று இழுக்காது. குடை குழாயைப் பிடிக்கும் விளிம்பில் மட்டும் ஒரு கோடு பசை போட்டு ஒரு கிளிப் இறுக்க வேண்டும். குழாயையும் சுவரோடு அல்லது கைமரத்தோடு நன்றாகப் பிடித்துக் கட்ட வேண்டும். ஆட்டம் குறையக் குறைய ஆயுள் கூடும்.

சில வீடுகளில் சைக்கிள் ரியூப்பை வெட்டிக் குழாயில் மாட்டிக் கம்பியால் கட்டியிருப்பார்கள். கெட்டிக்காரத்தனமான வேலைதான். வெயிலில் அந்த இறப்பர் வெடிக்கும் வரை அது வேலை செய்யும். அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மலக்குழாய்க் காற்றோட்டம் கூரை வழியாகவே போவதால், அங்கே இதற்கென்றே கூம்பு வடிவ இறப்பர்ப் பொருத்துகள் ஆயத்தமாக விற்கப்படுகின்றன. வெயிலைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட செயற்கை இறப்பர் அது. அதிலும் முதலில் வெடிப்பது குழாயை அணைத்திருக்கும் விளிம்புதான். அத்தகைய பொருத்து கிடைத்தால், குழாயின் விட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு சிறியதாக அதன் வாயை வெட்டி, இழுத்து மாட்ட வேண்டும்.

சீற் கூரைக்கு வரும்போது வேலையை விட மூச்சைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். வன்னியில் பல வீடுகளின் சீற்றுகள் அஸ்பெஸ்ரஸ் கலந்தவை. அஸ்பெஸ்ரஸின் எல்லா வகையும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் திட்டவட்டமாகச் சொல்கிறது. நுரையீரலுக்குள் போன நார் எளிதில் வெளியே வருவதில்லை. நோய் தெரிய இருபது, முப்பது வருடங்கள் ஆகலாம். ஆகவே கிரைண்டரால் வெட்டக் கூடாது. கம்பித் தூரிகையால் பாசி சுரண்டக் கூடாது. சீற்றை நன்றாக நனைத்து, கைத்துளைப்பானால் மெதுவாகத் துளைத்து, முகத்துக்குத் தூசி தடுக்கும் நல்ல மாஸ்க் போட்டு, பிள்ளைகளை முற்றத்திலிருந்து அகற்றிவிட்டே செய்ய வேண்டும். துண்டுகளை நனைத்தபடியே பொலித்தீனில் கட்டி ஆழப் புதைக்க வேண்டும். உடைத்து முற்றத்தில் நிரவுவது பெருங்கேடு. அந்தச் சீற்றில் நேரே கால் வைப்பதும் ஆபத்து. பழைய சீற் ஆளின் பாரம் தாங்காது. கைமரங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு அதன் மேல்தான் நிற்க வேண்டும். கூரைக்கு வரும் மின்வயர் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் அலுமினிய ஏணியைச் சாய்க்கக் கூடாது.

சீற்றில் துளை எப்போதும் நெளிவின் மேட்டில் இருக்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. பள்ளம் தண்ணீர் ஓடும் வாய்க்கால். ஆணியும் கொக்கிக் கம்பியும் இறங்கும் இடங்களுக்கும் இதே விதிதான். அவற்றின் இறப்பர் வாசர் காய்ந்து சுருங்கியதும் குழாயடிக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஒழுக்கு தொடங்கும். குழாய் முகட்டுக்குக் கிட்ட இருந்தால், முகட்டுச் சீற்றுக்கு அடியிலிருந்து குழாய் வரை நெளிவுக்கேற்ற தகடொன்றை இறக்குவதே சிறந்தது. அமானோ போன்ற தகரச் சீற்றுகளில் இந்த வேலை சுலபம். நச்சுத் தூசி இல்லை.

மலசலகூடத்துக்குக் கொங்கிறீற் தட்டுப் போட்ட வீடுகளில் சாய்வு இல்லாததால் மேல்மேலாக அடுக்கும் முறை அப்படியே பொருந்தாது. அங்கே வயலில் செய்வதுபோல வரம்பு கட்ட வேண்டும். குழாயைச் சுற்றி ஓர் அங்குல ஆழத்துக்குக் கொத்தி, குழாயின் பளபளப்பைச் சாண்ட் பேப்பரால் தேய்த்து நீக்கி, அந்தக் குழியை இழுபடக்கூடிய பொலியூரிதேன் பசையால் நிரப்ப வேண்டும். அதைச் சுற்றி நான்கு அங்குல உயரத்தில் ஒரு வரம்பு, அதன் மேல் வலைத்துணி வைத்த நீர்காப்புப் பூச்சு, மேலே குழாயில் ஒரு குடை. கடையில் மலிவாகக் கிடைக்கும் வினாகிரி மணக்கும் சிலிக்கன் சீமெந்தில் சரியாகப் பிடிக்காது. அதன் மேல் பெயின்ரும் ஒட்டாது. பூச்சுக் காய்ந்த பிறகு தட்டில் ஒரு நாள் முழுவதும் தண்ணீர் தேக்கிப் பார்த்தே வேலையை ஒப்புக்கொள்ள வேண்டும்.

செங்கல் புகைபோக்கியில் தகட்டைச் சுவரின் மேல் ஒட்டி வைத்தால் போதாது. கல்லில் ஓர் அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, தகட்டின் விளிம்பை அதற்குள் செருகி அடைக்க வேண்டும்.

வவுனியாவின் சிறுநீரக நோய் பரவிய கிராமங்களில் கூரை நீரைச் சேமித்துக் குடிக்கும் வீடுகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட கூரையில் ஈயத் தகடும் தாரும் வேண்டவே வேண்டாம். வேறு நாடுகளில் ஈயம் நூற்றாண்டுகளாக இந்த வேலைக்குப் பயன்பட்டது என்பது அதைக் குடிநீருக்குள் விட நியாயமாகாது.

எல்லாவற்றையும் சொன்ன பிறகும், பல வீடுகளுக்குச் சரியான திருத்தம் குழாயைக் கூரையிலிருந்து எடுத்துவிடுவதுதான். மலக்குழியின் காற்றுக் குழாய் கூரையைத் துளைத்துத்தான் ஏற வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. குழி வீட்டுக்கு வெளியே இருக்கிறது. குழாயும் வெளிச்சுவரோடு ஏறி, இரண்டு எல்போவில் இறவாரத்தைச் சுற்றி வளைந்து, கூரை விளிம்புக்கு மேலே இரண்டடி உயர்ந்து, யன்னல்களுக்கு எட்டத்தில் நின்றால் மணம் வீட்டுக்குள் வராது. கழற்றிய இடத்தில் ஒரு முழு ஓடு வைத்துவிட்டால் அந்த ஒழுக்கின் கதை முடிந்தது.

செலவைப் பார்ப்போம். ரூபாக் கணக்கு இந்த நாட்டில் நிலையாக நிற்பதில்லை. 2021இல் 1,000 ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்துப் பை 2022இல் 3,000 ரூபாவைத் தாண்டியது. பிறகு இறங்கினாலும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. ஆகவே நாட்கூலியை அளவுகோலாக வைத்துக்கொள்வது நல்லது. மேசனுக்கு 4,000, கையாளுக்கு 3,000 என்று வைத்தால் ஒரு நாள் வேலை 7,000 ரூபா. அரை நாளில் முடியும் வேலைக்கும் ஒரு நாள் கூலி கேட்பது வழக்கம். ஆள் வந்து போகும் நாள் போனதுதானே. சீமெந்து அப்பும் வேலைக்குச் சாமான் 1,500 ரூபா என்றால் மொத்தம் 8,500. அதே வேலையை மூன்று மாரிகளில் மூன்று தரம் செய்தால் 25,500; ஒழுக்கு அப்படியேதான் இருக்கும். பாவாடையும் குடையும் அடித்துப் பொருத்தினால் தகடு, மடிப்புக் கூலி, பசை, கிளிப் எல்லாம் சேர்த்து 7,000 என்று வைத்தாலும் மொத்தம் 14,000. குழாயை வெளிச்சுவருக்கு மாற்றினால் பைப், எல்போ, கிளிப்புக்கு 5,000, மொத்தம் 12,000. அந்தந்த நாளின் கூலியையும் விலையையும் போட்டு இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்க்கலாம். எண்கள் மாறினாலும் கூலியே பெரிய பங்கு என்பதும், மூன்று தரம் ஆள் கூப்பிடுவதே மிகப் பெரிய செலவு என்பதும் மாறாது.

கண்ணில் படாத செலவுகளும் இருக்கின்றன. இளமரச் சிலாகை இரண்டு, மூன்று மாரி நனைந்தால் உக்கும். வைரம் பாய்ந்த பனைக் கைமரம் தாங்கும். சீலிங் கறுக்கும். தண்ணீர் வயர் வழியாக ஓடிப் பல்ப் ஹோல்டரில் இறங்கினால் அது காசுக்கு அப்பாற்பட்ட ஆபத்து. உடனே மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும்.

கூலியே பெரிய பங்கு என்பது வன்னியில் எல்லா வீட்டையும் ஒரே மாதிரித் தொடுவதில்லை. போரில் ஆண்களை இழந்து பெண்கள் தாங்கும் குடும்பங்கள் இங்கே பல. ஏணி வைத்து ஏற வீட்டில் ஆள் இருந்தால் ஓடு நழுவியதைத் தாமே சரி செய்துகொள்வார்கள். இல்லாத வீடு ஓர் ஓட்டுக்கும் ஒரு நாள் கூலி கொடுக்கிறது. அப்படிப்பட்ட வீடுகள் தண்ணீர் ஊற்றும் சோதனையை முன்கூட்டியே செய்து இடத்தைக் குறித்துவைப்பதும், உடைந்த ஓடு, அடைத்த பீலி, தளர்ந்த வாசர் எல்லாவற்றையும் அதே நாளில் செய்விப்பதும் நேரடியாக மிச்சமாகும் காசு. அயலில் இரண்டு, மூன்று வீடுகள் சேர்ந்து ஒரே நாளுக்கு ஆள் பிடித்தால் இன்னும் நல்லது.

நாள் பார்ப்பதும் முக்கியம். புரட்டாசி பிறந்தால் காலபோக உழவும் விதைப்பும் தொடங்கி, கையாட்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு எல்லா வீட்டுக்காரரும் ஒரே மேசனைத் தேடுவார்கள். ஈரக் கூரையில் பசை சரியாகப் பிடிக்காது. ஆடி, ஆவணியில் சோளகம் சற்று ஓயும் காலை நேரங்களே இதற்கு ஏற்றவை.

வேலை முடிந்து ஏணியை எடுப்பதற்கு முன் குழாயின் மேல் வாயைப் பார்க்க வேண்டும். அங்கே நுளம்பு வலை இல்லாவிட்டால் மலக்குழி நுளம்புப் பண்ணையாகிவிடும். கியூலெக்ஸ் வகை நுளம்பு அங்கே பெருகும். கம்பி வலை துருப்பிடிக்கும், நைலோன் வலை வெயிலில் உதிரும். துருப்பிடிக்காத உருக்கு வலை ஒரு சாண் வாங்கி, கிளிப்பால் இறுக்கிவிட்டால் அடுத்த ஆவணியில் ஏறும்போதும் அது அங்கேயே இருக்கும்.